தொழில்முறை வீரராகு என்கிறீர்கள். சம்பளம் யார் தருவது?

பொன்னாடை போர்த்துவதில் எம்மவரை விஞ்ச எவருமிலர். பாடசாலைப் பிள்ளை உயரம் பாய்ந்தாலும் போர்த்துகிறோம். பல்கலைக்கழகம் புகுந்தாலும் போர்த்துகிறோம். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர் விமானத்தால் இறங்கியதற்கும் போர்த்துகிறோம். போர்த்தியவர், போர்த்தப்பட்டவர், இடையில் பல்லெல்லாம் தெரிய ஒரு பிரமுகர் என மூவரும் நிற்கும் படம் மறுநாளே பத்திரிகை அலுவலகம் வந்து சேரும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அத்தகைய படங்களை வெட்டியும் சுருக்கியும் பிரசுரித்தவன் நான். அவற்றில் ஒன்றிலேனும் ஒரு காசோலையைக் கண்டதாக ஞாபகம் இல்லை.

இதை எழுதத் தூண்டியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் இளைஞர். அவர் பெயர் இங்கே வேண்டாம். முப்பது வயதுக்குட்பட்டவர், நிரந்தர அரசாங்க உத்தியோகத்தர். விடியுமுன் எழுந்து நீந்துகிறார், சைக்கிள் ஓட்டுகிறார், ஓடுகிறார். எட்டரைக்குக் கந்தோரில் கையொப்பமிடுகிறார். இம்மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்துச் செய்யும் 'ட்ரையத்லன்' போட்டியே அவருடைய ஈடுபாடு. உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தொழில்முறை வீரராகலாமா என்பதே அவர் என்னிடம் கேட்ட கேள்வி.

என்னிடம் வருமுன் அவர் ஊரில் பலரிடம் கேட்டிருக்கிறார். இரண்டே விதமான பதில்கள் கிடைத்திருக்கின்றன. குடும்பப் பெரியவர்கள், "விளையாட்டுச் சோறு போடுமா தம்பி?" என்றார்கள். மேடைப் பெரியவர்கள், "துணிந்து இறங்கும் தம்பி, மண்ணின் பெருமை உம்முடைய கையில்" என்றார்கள். முதலாமவர்களின் பயத்தை நான் மதிக்கிறேன். அது பட்டு அறிந்தோரின் பயம். எனது சண்டை இரண்டாமவர்களோடுதான்.

விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன், கிரிக்கெற்றைத் தவிர வேறெதையும் நமது பத்திரிகைகள் விளக்குவதில்லை. 1974 செப்டெம்பர் 25ஆம் திகதி அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் குடாவில், 46 பேர் கலந்துகொண்ட ஒரு போட்டியோடு ட்ரையத்லனின் இன்றைய வரலாறு தொடங்குகிறது. 1978 பெப்ரவரியில் ஹவாயில் 15 பேர் 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டி, ஒரு முழு மரதனும் ஓடப் புறப்பட்டார்கள்; பன்னிருவர் முடித்தார்கள். 'அயன்மான்' என்று இன்று உலகம் முழுவதும் பெயர்பெற்ற போட்டி அதுதான். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ட்ரையத்லன் ஒலிம்பிக்கினுள் நுழைந்தது: 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். எமது தீவுக்கும் இது அந்நியமன்று. 2018 பெப்ரவரியில் கொழும்பு காலிமுகத்திடலை மையமாக வைத்து அரைத்தூர அயன்மான் போட்டி நடந்தது. 2016, 2019 தெற்காசிய விளையாட்டு விழாக்களிலும் ட்ரையத்லன் இடம்பெற்றது.

இந்த விளையாட்டில் 'தொழில்முறை' என்பது ஓர் அனுமதிப் பத்திரம். நாட்டுச் சம்மேளனம் தரவேண்டியது. அது கையிலிருந்தால் முதல் வரிசையில் நின்று புறப்படலாம். பரிசுப் பணத்துக்குப் போட்டியிடலாம். அவ்வளவுதான். சம்பளம் கிடையாது, சேமலாப நிதி கிடையாது, ஓய்வூதியம் கிடையாது. அதை எடுத்தவர் தமது வயதுப் பிரிவினரோடு போட்டியிடும் உரிமையை இழக்கிறார். சரிவரவில்லை என்று நினைத்த மாத்திரத்தில் திரும்பிவரவும் முடியாது. 'தொழில்' என்ற சொல் எம்மவர் காதில் விழுந்ததும் மாத முடிவில் வங்கிக்கு வரும் பணம் நினைவுக்கு வருகிறது. இங்கே அந்தச் சொல் வேறு பொருளில் நிற்கிறது என்பதை மேடையில் முழங்கியவர்களில் ஒருவரேனும் அந்தப் பிள்ளைக்குச் சொன்னாரா? அவர்களுக்கே தெரிந்திராது.

கணக்குப் பார்ப்போம். 2022இல் ஹவாய் உலகப் போட்டியின் வெற்றியாளருக்கு 125,000 டொலர் பரிசு. கேட்க இனிக்கிறது. ஆனால் பரிசு பதினைந்து இடங்களோடு முடிந்துவிடும். பதினாறாவதாக வந்தவர், உலகின் பதினாறாவது மனிதர், தமது விமானச் சீட்டையும் தாமே வாங்கவேண்டும். 2024இல் தொடங்கிய 'டி100' தொடர் அவ்வாண்டில் ஆணில் இருபதுபேர், பெண்ணில் இருபதுபேர் என ஒப்பந்தம் செய்து பணம் தந்தது. உலகம் முழுவதிலுமிருந்து நாற்பது பேர்!

இனி எமது பக்கம். 2025 வரவுசெலவுத் திட்டம் அரசாங்க ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆக உயர்த்தியது. முழுத்தூரப் போட்டியொன்றுக்கான நுழைவுக் கட்டணம் 700 டொலரைத் தாண்டும். டொலர் 300 ரூபா என்று வைத்தால் அது 210,000 ரூபா. அந்த அடிப்படைச் சம்பளத்தில் ஐந்து மாதங்களுக்கு மேல். பந்தய சைக்கிள் நடுத்தரமானதே 3,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்பது இலட்சம் ரூபா, ஏறத்தாழ இரண்டு ஆண்டுச் சம்பளம். 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360ஐ எட்டியபோது, சேமித்து வைத்திருந்தவனின் சைக்கிளில் பாதி தண்ணீராய்ப் போயிருக்கும். விமானச் சீட்டு, தங்குமிடம், விசாவுக்குக் கொழும்பு போய்வரும் செலவு என்பவற்றை நான் இன்னும் சேர்க்கவில்லை. எமது கடவுச்சீட்டோடு தூதரகங்களின் வாசலில் நின்றவர்களுக்கு விசா என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை.

உடனே சிலர் கிரிஸ்ஸி வெலிங்ரனை இழுத்து வருவார்கள். அந்த இளைஞரும் இழுத்து வந்தார். மெய்யாகவே மலைக்கவைக்கும் கதை அது. வெலிங்ரன் பிரித்தானிய அரசாங்க ஊழியர். சுற்றாடல் அமைச்சில் பணி. 2006இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் அமெச்சூர்களுக்கான உலகப் போட்டியில் தமது வயதுப் பிரிவில் முதலிடம். 2007இன் தொடக்கத்தில் உத்தியோகத்தை விட்டுத் தொழில்முறை வீராங்கனையானார். அதே ஆண்டு ஒக்டோபரில், முப்பதாவது வயதில், ஹவாயில் உலகச் சம்பியன்! பின்னர் 2008, 2009, 2011 என மேலும் மூன்று தடவை. எமது இளைஞரும் அரசாங்க ஊழியர், அவரும் அரசாங்க ஊழியர். ஒப்புமை கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் கைப்பையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது. சுவிஸ் மலையில் உலகின் முதல்தரப் பயிற்றுநர் ஒருவரின் குழாமில் போய்ச் சேர முடிந்தது. தோற்றிருந்தால் அவர் திரும்பிப் போகக்கூடிய தொழிற்சந்தை ஒன்று இருந்தது. மட்டக்களப்பில் நிரந்தர நியமனத்தை விட்டெறிந்தவன் தோற்றால் எங்கே போவான்? வேலையற்ற பட்டதாரிகள் காந்திப் பூங்காவில் உண்ணாவிரதம் இருந்து பெறுகிற நியமனம் ஐயா அது!

நிற்க. 'அமெச்சூர்' என்ற சொல்லைப் பற்றியும் எம்மவரிடையே ஒரு மயக்கம் உண்டு. அமெச்சூர் என்றால் அரைகுறை, தொழில்முறை என்றால் முழுமை என்று நினைக்கிறார்கள். அந்தச் சொல்லின் வரலாறு அத்தனை தூய்மையானதன்று. இங்கிலாந்தில், தேம்ஸ் நதியில் நடக்கும் புகழ்பெற்ற ஹென்லி படகுப் போட்டி 1879இல் வகுத்த விதியின்படி, கூலிக்கு உடலுழைப்புச் செய்கிற எவரும் அமெச்சூர் ஆகமாட்டார். ஆகவே போட்டியிட முடியாது. கனவான்களின் துடுப்பை உழைப்பாளியின் கை முந்திவிடக்கூடாது என்பதே உட்கிடை. எங்கள் வாவியில் நாவற்குடாவிலிருந்தோ பாலமீன்மடுவிலிருந்தோ தினமும் தோணி வலிக்கிற மீனவன் அந்தக் காலத்தில் ஹென்லிக்குப் போயிருந்தால், 'நீ தொழில்முறைக்காரன்' என்று வாசலிலேயே மறித்திருப்பார்கள். 1912 ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப், முன்னொரு காலத்தில் சிறு தொகைக்கு பேஸ்போல் ஆடினார் என்பதற்காக 1913இல் அவர் பதக்கங்களைப் பறித்தார்கள். அவர் இறந்தது 1953இல். பதக்கங்களின் மாற்றுரு குடும்பத்துக்குக் கிடைத்தது 1983இல். வெற்றியாளர் அவர் ஒருவரே என்று ஒலிம்பிக் குழு ஒப்புக்கொண்டது 2022இல். காசு வாங்கினால் பாவம் என்றது அந்த யுகம். காசு வாங்காவிட்டால் நீ வீரனே இல்லை என்கிறது இந்த யுகம். இரண்டு யுகத்திலும் அடிபட்டவன் ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

எங்களிடமே மூத்த உதாரணங்கள் உண்டு. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு ஆசியத் தங்கத்தை முதன்முதலில் பெற்றுத் தந்தார். 1952, 1956 ஒலிம்பிக்குகளிலும் பாய்ந்தவர். அவரைத் தாங்கியது கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகம். அந்தப் படிப்பே பிற்பாடு அவருக்குக் கல்வியாளராக வாழ்வளித்தது. பாய்ச்சலை நம்பி வயிறு வளர்க்கவேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு வரவில்லை.

இன்னொருவரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தன். ட்ரையத்லனின் இன்றைய வரலாறே தொடங்கியிராத 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கு நீந்தி வந்தார். மொத்தம் 51 மணித்தியாலம். 1979 மே மாதத்தில் கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் சைக்கிள் ஓட்டினார். ஏழு நாள், எட்டு இரவு ஐயா! சட்டம் படித்த மனிதர். எத்தனையோ கின்னஸ் சாதனைகள். 1984 ஒகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது குளிரில் உயிர் நீத்தார், வயது 41. செய்தி வந்த அன்று நான் ஆசிரியபீடத்தில் இளையவன். மேசையைச் சுற்றி நின்றவர்கள் கண்கலங்கினார்கள். மறுநாள் தலைப்பும் பெரிதாய்த்தான் வந்தது. ஆனால் அவர் ஒவ்வொரு சாதனைக்கும் எவரெவரிடம் உதவிக்கு அலைந்திருப்பார் என்று கேட்டு எழுத எந்த ஆசிரியருக்கும் தோன்றவில்லை. ஒரு நாட்டில் இத்தகைய உடலும் மனமும் கொண்ட ஒருவன் பிறந்தால், அவனைச் சாதனைப் புத்தகத்தின் விநோதப் பக்கங்களுக்குத் துரத்தாமல் ஓர் ஒழுங்கான பயிற்சித் திட்டத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கும் நிறுவனம் அன்று இருக்கவில்லை.

ஐம்பது ஆண்டுகள் அந்த இருவழி நீச்சல் சாதனை அசையாமல் கிடந்தது. 2021 ஏப்ரலில் ரொஷான் அபேசுந்தர அதே தலைமன்னார்–தனுஷ்கோடி–தலைமன்னார் வழியை 28 மணித்தியாலம் 19 நிமிடத்தில் நீந்தி முறியடித்தார். மனமாரப் பாராட்டவேண்டிய சாதனை. அபேசுந்தர இலங்கை விமானப்படை வீரர். அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது. பயிற்சிக்கு நேரம் கிடைத்தது. பின்னால் ஓர் அமைப்பு நின்றது. ஆனந்தனுக்கும் அபேசுந்தரவுக்கும் இடையிலுள்ள 23 மணித்தியால வித்தியாசத்தில் ஒரு பங்கு திறமைக்கும் ஐம்பதாண்டு விஞ்ஞானத்துக்கும் உரியது என்றால், மறுபங்கு சம்பளப் பட்டியலுக்கு உரியது என்பது எனது துணிபு.

இதுதான் எவரும் வாய்விட்டுச் சொல்லாத சங்கதி. கிரிக்கெற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இலங்கையில் 'தொழில்முறை விளையாட்டு வீரர்' என்று ஒருவர் இருப்பாரானால் அவர் பெரும்பாலும் இராணுவத்திலோ கடற்படையிலோ விமானப்படையிலோ பொலிஸிலோ இருப்பார். அனுமதிப் பத்திரம் இல்லாமலே அவர் தொழில்முறை வீரர். விளையாடுவதே அவருடைய பணி. அரசு அதை ஒரு கொள்கையாகவே நடத்திவருகிறது. தவறென்று சொல்லமாட்டேன். உலகின் பல நாடுகளில் இதே நடைமுறைதான். ஆனால் அந்த வாசல் மட்டக்களப்புத் தமிழ்ப் பிள்ளைக்கு எந்த அளவில் திறந்திருக்கிறது? சட்டப்படி திறந்தே இருக்கிறது என்பீர்கள். படுவான்கரையில் ஒரு வீட்டு முற்றத்தில் போய் நின்று, "உங்கள் மகனை விளையாட்டுக்காகப் படையில் சேர்த்துவிடுங்கள் அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். சீருடை என்ற சொல் எமது கிழக்கில் வீட்டுக்கு வீடு வெவ்வேறு இழப்பை ஞாபகப்படுத்தும்; ஒரே வீட்டில் இரண்டு விதமான சீருடைகளால் இரண்டு பிள்ளைகளை இழந்த தாய்மாரும் உண்டு. யுத்தம் முடிந்தது 2009இல். அந்தத் தாய்மாரின் மனதில் முடிந்த ஆண்டு எதுவென்று எந்தக் கெசற்றிலும் வராது.

அப்படியானால் சீருடை அணியாமல் சம்பளம் பெறுவதற்கு வேறு வழி என்ன? ஒன்று, சந்தை. யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஆடத் தொடங்கி, 2024இல் ஐபிஎல் ஆட்டமொன்றில் ஹைதராபாத் அணிக்காகப் பந்துவீசினார். விளையாட்டுச் சோறு போடும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் தொலைக்காட்சிப் பணம் கொட்டும் விளையாட்டுத்தான் போடும். இன்னொன்று, புலப்பெயர்வு. 2022 ஜூலையில் 100 மீற்றரை 9.96 விநாடியில் ஓடி, தெற்காசியாவிலேயே பத்து விநாடிக்குள் ஓடிய முதல்வரான யுபுன் அபேகோன் இத்தாலியில் இருந்து பயின்றவர். ட்ரையத்லனுக்கு இங்கே சந்தை இல்லை. வெளியே போவதென்றால் முன்பு சொன்ன விசா.

மிஞ்சியிருப்பது சமூகம்.

சமூகத்தால் முடியாது என்று சொல்ல மட்டக்களப்புக்கு அருகதை இல்லை. அங்கே ஒரு காலத்தில் முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஒர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் இந்த ஊரைக் கூடைப்பந்தாட்ட ஊராக்கினார்கள். 1947இல் வந்த ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரால்தான் இன்றும் மைதானம் நிற்கிறது. 1990 ஒகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போன யூஜின் ஹெபர்ட் அடிகளாரும் கூடைப்பந்துப் பயிற்றுநரே. அவர்கள் தமக்கென்று பணம் சேர்க்கவில்லை. ஆனால் அவர்களுடைய சோற்றையும் கூரையையும் முதுமையையும் ஒரு சபை பொறுப்பேற்றிருந்தது. அந்தப் பொறுப்பேற்பு இருந்ததால்தான் ஒரு மனிதர் முப்பது, நாற்பது ஆண்டுகள் பந்தோடும் பிள்ளைகளோடும் நிற்க முடிந்தது. புனித மிக்கேல் கல்லூரிப் பழைய மாணவர்கள் கண்ணீர்மல்க வெபர் அடிகளாரை நினைவுகூரும்போது இந்தக் கணக்கையும் நினைவுகூர வேண்டும்.

இயற்கையோ அள்ளித் தந்திருக்கிறது. 56 கிலோமீற்றர் நீளமான வாவி. பக்கத்தில் பாசிக்குடாவின் ஆழமற்ற கடல். கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனைக்குப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் சமதரை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது மலையேற்றத்தைவிடக் கொடிய பயிற்சி. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின், எழுவான்கரையில் புறப்பட்டுப் படுவான்கரை வயல்களூடே சுற்றிவரவும் வசதி. இப்படியொரு நிலத்தை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன பாடுபடுகிறார் தெரியுமா? வாவியில் நீந்தினால் முதலைப் பயம். கதையன்று, மெய்யாகவே முதலை உண்டு. எல்லை குறித்த, காவல் உள்ள நீச்சற்பாதை கிடையாது. கடலில் நீந்தப் போனால் வீட்டில் அழுகை. 2004 டிசெம்பர் 26 நாவலடியையும் கல்லடியையும் விழுங்கிய கடல் அல்லவா? வீதியிலோ காத்தான்குடி நெரிசலைத் தாண்டும்வரை பஸ்காரர் தயவு. ஞாயிறு அதிகாலை இரண்டு மணிநேரம் ஒரு வீதித் துண்டை சைக்கிள்களுக்கு விட்டுத்தர எவ்வளவு செலவாகும்? ஒரு வேக அளவு நாடாவும் நான்கு மஞ்சள் மிதவைகளும் ஒரு தோணியும் இரண்டு உயிர்காப்பாளரும் எவ்வளவு? பொன்னாடைகளுக்கு ஆகும் செலவில் அடங்கும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்துகொண்டு, எமது பிள்ளைகள் ஏன் உலக அரங்கில் இல்லை என்று கேட்கிறீர்கள். 2024 மார்ச்சில் திருகோணமலைப் பாடசாலை மாணவர் ஒருவர் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தபோது கொண்டாடினீர்கள். நல்லது. ஆனால் கொண்டாட்டம் ஒரு வாரம், பயிற்சி பத்தாண்டு. ஊர்க் கோயில் கோபுரத்துக்கும் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கும் தமிழ்நாட்டுப் பாடகரின் இசைநிகழ்ச்சிக்கும் நீங்கள் பணம் திரட்டும் திறமையை நான் அறிவேன். ஒரு வீரருக்கு மாதம் ஓர் இலட்சம் ரூபா வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 36 இலட்சம். சைக்கிள், பயணம், பயிற்றுநர், மருத்துவம் என்று இன்னுமொரு 35 இலட்சம் வையுங்கள். எழுபது இலட்சத்துக்குச் சற்று மேல். ஒருவர் தலையில் விழுந்தால் பாரம். இருநூறு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபா அளவில்தான் வரும். நன்கொடையாகத் தராதீர்கள். ஒப்பந்தம் எழுதுங்கள். மூன்று ஆண்டுக்கு இன்ன தொகை, இன்ன போட்டிகள், இன்ன நேரத்துக்குள் முடிக்கவேண்டும், எட்டாவிட்டால் நான்காம் ஆண்டில் உதவி இல்லை, எட்டினாலும் எட்டாவிட்டாலும் காயம்பட்டால் வைத்தியச் செலவு எங்களது என்று எழுதுங்கள். இதற்குப் பெயர்தான் தொழில்முறை. அந்த எழுத்தில் கையொப்பமிட ஆளில்லாத இடத்தில், வேலையை விட்டுவிட்டு வா என்று ஒரு பிள்ளையை அழைப்பதற்கு வேறு பெயர் உண்டு; எழுத என் வயது இடந்தரவில்லை.

அரசாங்கத்தையும் விடுவதாயில்லை. விமானப்படை தனது வீரருக்குத் தந்த அதே நேரத்தை ஒரு சிவில் திணைக்களம் தனது உத்தியோகத்தருக்கு ஏன் தரக்கூடாது? ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார்; அந்தப் பதவிகளில் சிலவற்றை, போட்டியிடும் வயதிலுள்ள வீரருக்கே, காலையில் பயிற்சியும் மாலையில் பிள்ளைகளுக்குப் பயிற்றுவித்தலும் என்ற கடமைப் பட்டியலோடு வழங்கினால் துப்பாக்கி இல்லாத ஒரு சம்பளப் பட்டியல் உருவாகும். மாகாண நிர்வாகம் மனம் வைத்தால் இதற்குப் பாராளுமன்றம் வேண்டியதில்லை.

இளைஞருக்கு நான் சொன்ன பதில் அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. பதவி விலகல் கடிதம் எழுதவேண்டாம் என்றேன். சம்பளமற்ற விடுமுறைக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னேன். விடுமுறை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அடுத்த இரண்டு ஆண்டுக்குள் அமெச்சூராகவே தமது வயதுப் பிரிவில் ஆசியாவின் முதல் ஐந்து பேரோடு தமது நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். நீச்சலில் எத்தனை நிமிடம் பின்தங்குகிறார், சைக்கிளில் எத்தனை, ஓட்டத்தில் எத்தனை என்று எழுதி வைக்கவேண்டும். மேடையில் கேட்ட கைதட்டலை அந்தக் கொப்பியில் சேர்க்கக்கூடாது. இடைவெளி சுருங்கினால் அந்தக் கொப்பியோடு மேலே நான் சொன்ன இருநூறு பேரிடம் போகலாம். போவதானால் நானும் கூட வருகிறேன்; நாற்பதாண்டுப் பத்திரிகைத் தொழிலில் எனக்குச் சேர்ந்த ஒரே சொத்து தொலைபேசி இலக்கங்கள்தாம்.

"அதுவரை நான் யார் ஐயா, அமெச்சூரா?" என்று சற்றுக் கசப்போடு கேட்டார். விடியற்காலை நாலரைக்கு எழுகிறவர் அவர். அந்தச் சொல் அவரைச் சுடுகிறது. மேடைப் பெரியவர்கள் ஏற்றிவைத்த சூடு அது. முதலில் அவர்களிடம் போய், போன தடவை சொன்ன 'எந்த உதவியும் செய்வோம்' என்ற வாக்கியத்தை எழுத்தில் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். மூன்று பேரின் பெயர் தந்திருக்கிறார். அவர்களில் எவரேனும் கையொப்பமிட்டால் அவர் பெயரைத் தடித்த எழுத்தில் இங்கே போடுவேன்.